வலை நிறைந்த வேளையில்

துன்பம் வரும்போது இறைவனைத் தேட எவரும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. மருத்துவமனை நடைக்கூடத்தில் செபமாலை தானாகவே கைக்கு வந்துவிடுகிறது. எதிர்பாராத வெற்றி வீட்டு வாசலில் வந்து நிற்கும் நாளில் எவ்வாறு செபிப்பது என்பதில்தான் நமக்குப் பழக்கம் போதவில்லை. பங்கின் திருப்பலிக் கருத்துப் பதிவேட்டைப் புரட்டினால் இது விளங்கும். நோய் நீங்க, வேலை கிடைக்க, விசா கிடைக்க, திருமணத் தடை அகல எனப் பக்கங்கள் நிறைகின்றன. நன்றித் திருப்பலிகளும் இல்லாமல் இல்லை. அவற்றுள் பெரும்பாலானவை பிறந்தநாளுக்கும் மணநாளுக்கும் உரியவை. கேட்டது கிடைத்தபின் திரும்பி வந்து பாதம் பணிந்தவர் பத்துப் பேரில் ஒருவரே என்று லூக்கா நற்செய்தியாளர் தொழுநோயாளரைக் குறித்து எழுதிய கணக்கு இன்றளவும் பெரிதாக மாறிவிடவில்லை.

தாம்பரத்திலும் அதைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகர்களிலும் பணியாற்றும் குருக்களுக்கு இது வெறும் மறையுரைப் பொருளன்று. இங்கே திடீர் உயர்வு என்பது அடுத்த தெருவில் நிகழ்வது. பரங்கிமலைத் திருத்தலத்தின் உச்சியில் நின்று தெற்கே நோக்கினால், மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களுக்கு அப்பால் பல்லாவரமும் குரோம்பேட்டையும் தாம்பரமும் ஒரே நகரமாக நீண்டு கிடப்பதைக் காணலாம். ஒரு தலைமுறைக்கு முன் இவற்றின் ஓரங்களில் நெல் விளைந்தது, ஏரிகள் நிறைந்தன. பின்னர் நிலத்தின் விலை ஏறியது. உழுதவரின் பிள்ளைகள் சிலர் ஒரே பத்திரப் பதிவில் செல்வர் ஆயினர். வேறு சிலர் வளைகுடா நாடுகளுக்குச் சென்று வீடு கட்டினர். பழைய மாமல்லபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தபின் கணினித் துறையின் வாசல் திறந்தது. 2021 நவம்பரில் தாம்பரமே பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு மாநகராட்சி ஆகிவிட்டது. ஊருக்கே பதவி உயர்வு கிடைத்தபோது, முகவரியில் அதை எழுதிப் பார்த்து மகிழ்ந்தவர்களை நாம் அறிவோம். சாலைப் பள்ளங்கள் மட்டும் பழைய ஊராட்சிக் காலத்து எளிமையை இன்னும் கைவிடவில்லை!

இப்பகுதியில் திடீர் வெற்றியைப் பற்றிப் பேசுவோர் பலரும் நினைவுகூரும் நாள் 2021 செப்டம்பர் 22. 2010ஆம் ஆண்டில் கிரிஷ் மாத்ருபூதம், ஷான் கிருஷ்ணசாமி ஆகிய இருவரும் சென்னையில் 700 சதுர அடி அளவேயான ஒரு கிடங்கில் தொடங்கிய மென்பொருள் நிறுவனம், அன்று அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. இன்று ஃப்ரெஷ்வொர்க்ஸ் என அழைக்கப்படுவது அதுவே. 36 டாலர் என விலை குறிக்கப்பட்ட பங்கு, முதல் நாள் முடிவில் 47 டாலர் 55 சென்ட்டில் நின்றது. பணியாளர்களுக்கும் நிறுவனம் பங்குகளை வழங்கியிருந்தமையால், அவர்களுள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கோடீசுவரர் ஆயினர் என்றும், அவர்களில் ஏறத்தாழ எழுபது பேர் முப்பது வயதைக்கூட எட்டாதவர்கள் என்றும் நிறுவனரே கூறினார். செல்வம் அதை உருவாக்கியவர்களுடன் பகிரப்படவேண்டும் என்ற அவருடைய எண்ணத்தை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். தொழிலாளரின் உழைப்பைப் பற்றித் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் திருமடல் எழுதிய காலம் முதல் திருச்சபை வலியுறுத்திவரும் நீதிக்கு அது அண்மையில் இருக்கிறது.

அந்நாளில் மாலைச் செய்தியைக் கேட்டுத் தெருவெல்லாம் பேச்சாக இருந்தது. "எந்தப் பிள்ளை, எந்த வீடு" என்று விசாரித்தவர்கள் பலர். அந்நிறுவனத்தோடு எத்தொடர்பும் இல்லாத இளைஞர்களின் பெற்றோர்கூட, "உனக்கும் பங்கு தருவார்களா?" என்று தங்கள் பிள்ளைகளைக் கேட்டனராம். ஒருவருடைய வெற்றி அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சுமையாக மாறுவது இப்படித்தான்.

அதன் பின்கதையும் பொதுப்பதிவில் உள்ளது. உலகெங்கும் தொழில்நுட்பப் பங்குகள் சரிந்த 2022இன் இறுதியில் அப்பங்கின் விலை, வெளியீட்டு விலையில் பாதிக்கும் கீழே இருந்தது. 2024 நவம்பரில் ஏறத்தாழ 660 பணியிடங்களைக் குறைப்பதாக நிறுவனம் அறிவித்தது. இதை ஒரு நிறுவனத்தின் குறையாக நாம் கூறவில்லை. சந்தையின் இயல்பு அத்தகையது. ஏற்றத்தின் நாளில் ஆண்டவர் தந்தார் என்று சொன்ன நாவு, இறக்கத்தின் நாளில் என்ன சொல்லும் என்பதே நம் கேள்வி.

இக்கேள்வியோடு திருவிவிலியத்தைத் திறக்கும்போது, நீதித் தலைவர்கள் நூலின் கிதியோன் நம்மை நிறுத்திவிடுகிறார். குருமாணவராக இருந்த நாள்களில் அவருடைய வெற்றியையே நாம் விரும்பிப் படித்தோம். பங்குப் பணியில் ஆண்டுகள் செல்லச் செல்ல, வெற்றிக்குப் பின்னுள்ள எட்டாம் அதிகாரமே நம்மை மிகுதியாக ஈர்க்கிறது. மிதியானியருக்கு அஞ்சி, திராட்சை ஆலையில் ஒளிந்து கோதுமை அடித்துக்கொண்டிருந்த எளியவர் அவர். தம் குலம் மிகச் சிறியது, குடும்பத்தில் தாம் கடையவர் என்று வானதூதரிடமே முறையிட்டவர். அவரைச் சுற்றி 32,000 பேர் திரண்டபோது, கூட்டம் மிகுதி என்று ஆண்டவர் சொல்கிறார். வெற்றியைத் தங்கள் கைவலிமைக்கு உரியதென இஸ்ரயேலர் எண்ணிவிடக்கூடாது என்பதே காரணம். 22,000 பேர் திரும்புகின்றனர். எஞ்சிய 10,000 பேரில், தண்ணீரைக் கையில் அள்ளி நக்கிக் குடித்த 300 பேர் மட்டும் நிறுத்தப்படுகின்றனர். எக்காளம், மண்பானை, பானைக்குள் தீப்பந்தம் ஆகியவையே அவர்கள் கொண்டு சென்றவை. ஓர் இரவில் பகைவரின் பாளையம் சிதறுகிறது.

வெற்றிக்குப் பின் மக்கள் கிதியோனிடம் வந்து, நீரும் உம் மகனும் பேரனும் எங்களை ஆள வேண்டும் என்று வேண்டுகின்றனர். அவர் மறுக்கிறார், ஆண்டவரே உங்களை ஆள்வார் என்கிறார். இவ்விடத்தில் மறையுரையை முடித்துக்கொண்டால் எவ்வளவு அழகாக இருக்கும்! ஆனால் விவிலியம் நம் வசதிக்காக அங்கே நிற்பதில்லை. அடுத்த வசனத்திலேயே, கொள்ளைப் பொருளில் கிடைத்த தங்கக் காதணிகளை ஆளுக்கொன்றாகத் தருமாறு அவர் கேட்கிறார். மக்கள் மேலாடையை விரித்து அதில் போடுகின்றனர். எடை 1,700 செக்கேல். இன்றைய அளவில் ஏறத்தாழ 19 கிலோ. அதைக்கொண்டு 'ஏபோது' ஒன்றைச் செய்து தம் சொந்த ஊராகிய ஒபிராவில் வைக்கிறார். ஆண்டவரை வழிபடவேண்டிய மக்கள் அந்தத் தங்கத்தை வழிபடத் தொடங்குகின்றனர். அதுவே அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் கண்ணி ஆயிற்று. செக்கேம் ஊர்ப் பெண்ணிடம் பிறந்த மகனுக்கு அவர் இட்ட பெயர் அபிமெலக்கு. 'என் தந்தை அரசர்' என்பது அப்பெயரின் பொருள். அரியணையை வாயால் மறுத்தவர் அதைத் தொட்டிலில் வைத்து அழைத்தார். அம்மகன் பின்னாளில் தன் சகோதரர் எழுபது பேரைக் கொல்லப் புறப்பட்டதையும், இளையவர் யோத்தாம் மட்டும் ஒளிந்து தப்பியதையும் ஒன்பதாம் அதிகாரம் உரைக்கிறது.

கிதியோனின் சொல் பொய் என்று நாம் கருதவில்லை. அவர் மனமாரவே மறுத்திருக்கலாம். வெற்றி கிடைத்த அன்று நாம் பேசுவது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். அன்று கண்ணீர்கூட வரும். தாழ்ச்சிக்குச் சோதனை வருவது பிறகு, காதணிகள் வந்து குவியும் நாள்களில். அவர் அவற்றைக் கொண்டு மாளிகை கட்டவில்லை, வழிபாட்டுப் பொருளைத்தான் செய்தார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பக்தியின் வடிவத்திலேயே தன்பெருமை குடிபுகுவதை ஆலயக் கட்டடக் குழுவில் ஒருமுறையேனும் அமர்ந்தவர் அறிவர். காணிக்கைப் பளிங்குக் கற்களில் பெயர் எழுத்தின் அளவு பற்றி எழுந்த சர்ச்சைகளை எழுதினால் தனி நூலாகும்.

இதை எழுதும்போது நம் பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞர் நினைவுக்கு வருகிறார். அவர் பெயரும் அவர் பணியாற்றிய நிறுவனத்தின் பெயரும் இங்குத் தேவையில்லை. அவருடைய தாய் பல ஆண்டுகள் ஏற்றுமதி ஆடைத் தொழிற்கூடத்தில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தவர். தந்தை இளவயதிலேயே இறந்துவிட்டார். மகன் பொறியியல் படித்து, வளர்ந்துவரும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் அவருக்கு வழங்கப்பட்டிருந்த பங்குகள், தாய் தம் வாழ்நாள் முழுவதும் ஈட்டியதைவிடப் பன்மடங்கு மதிப்புப் பெற்றன. அப்போது அவர் நன்றித் திருப்பலி கேட்டு வந்தார். மனம் நிறைந்து வந்தார். அதோடு, ஆலயத்தின் பீட முற்றத்துக்குக் கருங்கல் தளம் அமைத்துத் தருவதாகவும் கூறினார். தளம் உண்மையாகவே தேவைப்பட்டது. தம் பெயரும் ஆண்டும் பொறித்த கல் ஒன்று படியருகே இருக்கவேண்டும் என்பது அவர் விருப்பம்.

அதற்கு நாம் பதில் சொல்லுமுன் அருகில் நின்ற தாய் முந்திக்கொண்டார். "சாமி, கல்லு வைக்கிறதுன்னா, இவன் பரீட்சைக்குப் பணம் கட்டுன சரோஜாக்கா பேரையும் போடச் சொல்லுங்க. அவங்க வேற மதம்னு பாக்காதீங்க" என்றார். (சரோஜா என்பது நாம் இங்கு இட்ட பெயர்.) இளைஞருக்கு முகம் சிறுத்தது. "அம்மா, அந்த ஆயிரத்தைந்நூறு ரூபாயை எப்பவோ திருப்பிக் கொடுத்தாச்சே" என்றார். "பணத்தைக் கொடுத்தோம்டா. அன்னைக்கு அவங்க இல்லேன்னா நீ எங்க இருந்திருப்ப?" என்றார் தாய்.

அந்த அம்மையார் இறையியல் பயின்றவரல்லர். எனினும் இணைச்சட்ட நூலின் எட்டாம் அதிகாரத்தை அவர் அலுவலக அறையில் நமக்கு விளக்கிவிட்டார். வயிறார உண்டு, நல்ல வீடுகள் கட்டி, ஆடுமாடும் வெள்ளியும் பொன்னும் பெருகும்போது, பாலைநிலத்தில் வழிநடத்தியவரை மறந்துவிடாதே என்று மோசே அங்கு எச்சரிக்கிறார். நன்றியின்மையைப் பெரும்பாலும் கெட்ட மனத்தின் குற்றமாக நாம் எண்ணிக்கொள்கிறோம். பல வேளைகளில் அது நினைவின் குற்றம். வெற்றி பெற்றவர் தம் கதையை மீண்டும் மீண்டும் சொல்லச் சொல்ல, அதிலிருந்து ஒவ்வொருவராக வெளியேறுகின்றனர்: கணக்குச் சொல்லித் தந்த ஆசிரியர், நேர்முகத் தேர்வுக்குச் சட்டை இரவல் தந்த நண்பர், தேர்வுக் கட்டணம் கட்டிய அக்கா. இறுதியில் மேடையில் கதைத் தலைவர் ஒருவரே நிற்கிறார். அப்போது இறைவனையும் அங்கிருந்து இறக்கிவிடுவதற்கு அதிக நேரம் ஆவதில்லை. தாழ்ச்சி என்பது உண்மையில் நடப்பது என்று அவிலா நகர்ப் புனித தெரேசா 16ஆம் நூற்றாண்டில் கருதியது இதனால்தான் போலும். தன்னைத் தாழ்த்திப் பேசுவதை அவர் கேட்கவில்லை. நடந்ததை நடந்தபடி நினைவில் வைப்பதைக் கேட்டார். நம் வள்ளுவரும் செல்வம் பெருகும் காலத்தில் பணிவு வேண்டும் என்பதை 'அடக்கமுடைமை'யில் வைக்காமல் 'மானம்' என்ற அதிகாரத்தில் வைத்துள்ளார். பணிவு மானத்தின் ஒரு கூறு என்பது அவர் கணிப்பு.

கல் என்னவாயிற்று என்று வாசகர் கேட்கலாம். தளம் அமைந்தது. சரோஜா அம்மாள் தம் பெயர் வேண்டாம் என்று கைகூப்பிவிட்டார். மறைந்த தந்தையின் பெயரால் சிறிய கல் ஒன்று வைக்கப்பட்டது. அதில் தாழ்ச்சி எவ்வளவு, குடும்பப் பெருமை எவ்வளவு என்று அளப்பது நம் வேலையன்று.

அவ்விளைஞரைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோடைக்காலத்தில் அமெரிக்கப் பங்குச்சந்தை திறப்பது நம் நேரப்படி மாலை ஏழு மணிக்கு. வார நாள் நவநாள் திருப்பலியில் நற்கருணை மன்றாட்டை நாம் சொல்லிக்கொண்டிருக்கும் வேளையும் அதுவே. பீடத்தில் நிற்பவருக்குக் கீழே நடப்பவை நன்றாகத் தெரியும். மக்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. நான்காம் வரிசையில் கைப்பேசியின் வெளிச்சம் ஒன்று மேலெழுந்து தாழும். விலை ஏறிய மாதங்களில் அது மிகுதியாகவே எழுந்தது. விலை சரியத் தொடங்கியபின் அது இன்னும் அடிக்கடி எழுந்தது. வீட்டுக் கடன் தவணை இருந்தது. தங்கையின் திருமணம் நிச்சயமாகியிருந்தது. ஒருநாள் திருப்பலிக்குப்பின், "ஃபாதர், இல்லாதப்போ எனக்குப் பயமே இல்லை. இப்பதான் ராத்திரி தூக்கம் வரலை" என்றார்.

அவருக்கு நாம் மன்னாவைப் பற்றிச் சொன்னோம். பாலைநிலத்தில் அன்றன்றைக்கு உரியதை மட்டும் சேர்க்குமாறு இஸ்ரயேலருக்குக் கட்டளை இருந்தது. மறுநாளுக்கென்று வைத்தது புழுத்துப்போயிற்று. ஓய்வுநாளுக்கென வைத்தது மட்டும் கெடவில்லை. சேமிப்பே கூடாது என்பது இதன் பொருளாகாது. தங்கை திருமணத்துக்குப் பணம் வேண்டும், அதை மறைநூல் மறுக்கவில்லை. நேற்று உணவளித்தவர் நாளையும் அளிப்பார் என்று படுத்துறங்க முடிகிறதா என்பதை மன்னா கேட்கிறது. ஏதுமில்லாத நாளில் நம்மிடம் கையில் பற்றிக்கொள்ள வேறொன்று இல்லாததால் இறைவனைப் பற்றுகிறோம். கொடை வந்தபின் கை அக்கொடையை நோக்கி நகர்ந்துவிடுகிறது. அது நகர்ந்ததை விலை இறங்கும்வரை நாம் உணர்வதில்லை. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் வீடுகளை மூழ்கடித்தபோது, படகில் ஏறி வெளியேறிய குடும்பங்கள் பலவற்றில் இந்த உணர்வை நாம் கண்டோம். வாழ்நாள் சேமிப்பால் கட்டிய வீட்டின் மொட்டைமாடியிலிருந்து, முன்பின் அறியாத மீனவர் நீட்டிய கையைப் பிடித்து இறங்கியவர்கள் அவர்கள்.

வெற்றியையும் சரிவையும் ஒரே கையால் ஏற்கப் பழகியவர் ஒருவரையும் நம் வட்டாரம் கண்டிருக்கிறது. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. சென்னையைச் சேர்ந்த தொ. குகேஷுக்கு அப்போது வயது பதினாறு. இந்தியாவின் இரண்டாம் அணிக்காக முதல் பலகையில் விளையாடிய அவர், முதல் எட்டுச் சுற்றுகளிலும் தொடர்ந்து வென்றார். ஊடகங்கள் அவரைச் சூழ்ந்தன. நம் பங்குச் சிறுவர்கள்கூட மறைக்கல்வி வகுப்பில் அவர் பெயரையே உச்சரித்தனர். பத்தாம் சுற்றில், உசுபெக்கிசுத்தானின் நோதிர்பெக் அப்துசத்தோரவுக்கு எதிராக வெல்லும் நிலையில் இருந்த ஆட்டத்தை அவர் இழந்தார். அணிக்குப் பொற்பதக்கம் கிடைக்கும் வாய்ப்பும் அதனால் நழுவியது, வெண்கலம் கிடைத்தது. முதல் பலகைக்குரிய தனிநபர் தங்கப் பதக்கம் அவருக்கே கிடைத்தபோதிலும், தன் தவற்றால் அணி இழந்ததன் வலி பதினாறு வயதுக்குச் சிறியதாக இருந்திருக்காது.

இரண்டு ஆண்டுகள் கடந்தன. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், உலகப் பட்டத்துக்கான பதினான்காம் ஆட்டத்தில், இம்முறை தவறு எதிரில் அமர்ந்திருந்த சீன வீரர் திங் லிரேனுடையது ஆயிற்று. பதினெட்டு வயதில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். உலகமே பார்த்துக்கொண்டிருந்த அந்நேரத்தில் அவர் முகத்தைப் பொத்தி அழுதார். பிறகு அமர்ந்தபடியே காய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையில் அவற்றின் தொடக்க இடங்களில் அடுக்கினார். அதன்பின் பேசியபோது, தோற்றவரைப் பெரிய வீரர் என்று போற்றினார். இறைவனுக்கும் பெற்றோருக்கும் நன்றி கூறினார். அவர் நம் சமயத்தைச் சார்ந்தவரல்லர். ஆயினும் காய்களை அடுக்கிய அந்த ஒரு நிமிடத்தை நாம் ஒளிப்படக் காட்சியில் பலமுறை பார்த்திருக்கிறோம். அரசரும் காலாளும் தத்தம் கட்டத்துக்குத் திரும்பினர். அடுத்த ஆட்டத்துக்குப் பலகை ஆயத்தமாயிற்று. மாமல்லபுரத்தில் தோற்ற பலகையில் கிடந்த காய்களும் அவைதாமே. பட்டம் பெற்றபின் அவர் பல போட்டிகளில் தடுமாறவும் செய்தார், விமர்சித்தவர்கள் உண்டு. பட்டம் கிடைத்த கணத்தில் காய்களைத் தொடக்க இடத்துக்குக் கொண்டுசென்றவருக்கு அத்தடுமாற்றம் உலகின் முடிவாகத் தோன்றியிராது என்றே எண்ணுகிறோம்.

மறைக்கல்வி மாணவர்க்கு இதைச் சொன்னபோது ஒரு சிறுமி, "ஃபாதர், ஜெயிச்சதுக்கப்புறம் அடுக்கினா யாரு பாப்பாங்க?" என்று கேட்டாள். நாம் பதில் தேடிக்கொண்டிருந்தோம், மணி அடித்துவிட்டது.

கெனசரேத்து ஏரிக்கரையில் சீமோன் பேதுருவுக்கு வந்ததும் திடீர் வெற்றியே. இரவு முழுவதும் பாடுபட்டு ஒன்றும் கிட்டாமல், வலைகளை அலசி முடித்தபின், பகல் வெளிச்சத்தில் வந்த வெற்றி. தொழில் தெரிந்தவர் எவரும் மீன் கிடைக்கும் என எதிர்பாராத நேரம் அது. தம் திறமை எங்கே முடிந்தது, கொடை எங்கே தொடங்கியது என்பது அவருக்கு ஐயமின்றித் தெரிந்தது. அந்தத் தெளிவே அவரை முழந்தாளில் வீழ்த்தியது. அதற்கு முன்பே அவர் இன்னொன்று செய்திருந்தார். வலை கிழியும் நிலையில் மற்றப் படகிலிருந்த கூட்டாளிகளுக்குச் சைகை காட்டி அழைத்தார். மீனைத் தம் படகுக்குள்ளேயே அடக்கிக்கொள்ள முயன்றிருந்தால் படகும் போயிருக்கும். இரண்டு படகுகளும் நிறைந்து அமிழும் அளவுக்கு மீன் இருந்தது என்று லூக்கா எழுதுகிறார்.

தொழிலில் அதுவரை கண்டிராத அப்பெரிய ஈட்டத்தை அவர்கள் கரைசேர்த்தனர். பின்னர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இயேசுவைப் பின்சென்றனர். அந்த மீன்களை யார் விற்றார், எவர் வீட்டில் அன்று உலை கொதித்தது என்பதை நற்செய்தியாளர் எங்கும் குறிப்பிடவில்லை.